தாயரைக் காத்த செம்மல்

சென்னை மாநகருக்குத் தெற்கே தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்து நிற்கின்றன. இத்தகைய ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளைப் பேணுவதற்கெனத் தனிக் கூடங்கள் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையும், பிறந்தவுடன் நோயுற்ற குழந்தையும் அங்கே வைத்துக் காக்கப்பெறும். பாலை உறிஞ்சவும் வலிவற்ற அக்குழந்தைக்கு உணவும் மருந்தும் எவ்வாறு ஊட்டுவது? அதன் கையிலோ காலிலோ உள்ள மெல்லிய இரத்தக் குழாயினுள் நூல்போன்ற சிறு குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே சர்க்கரை நீரையும் மருந்தையும் சொட்டுச் சொட்டாக ஏற்றுவர். மக்கள் ‘டிரிப்ஸ்’ ஏற்றுதல் என்று கூறுவது இதனையே.

இச்சிறு குழாய் குழந்தைக்கு உயிர் அளிக்கும் வழி. ஆயினும், அதுவே நோய் புகும் வழியாகவும் ஆகக்கூடும். தோல் என்பது உடலைக் காக்கும் மதில். அம்மதிலில் இட்ட துளை வழியே குழாய் செல்கிறது. அதனைத் தொடும் கையில் கிருமி இருப்பின், அது குழந்தையின் இரத்தத்திலே நேராகக் கலந்துவிடும். பச்சிளங் குழந்தையின் உடலோ நோயை எதிர்க்கும் ஆற்றல் இன்னும் முதிராதது. ஆதலின், செவிலியர் குழாயைத் தொடுமுன் தம் கைகளைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும். மருந்து செலுத்தும் வாயினை ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சினால் அழுத்தித் துடைத்து, அது உலரும்வரை பொறுத்திருக்க வேண்டும். குழாய் செருகிய இடம் சிவந்துளதா, வீங்கியுளதா என்று நாள்தோறும் பலமுறை நோக்க வேண்டும். இனித் தேவையில்லை என்று கண்டவுடன் குழாயை அகற்றிவிட வேண்டும். அடுத்த தொட்டிலுக்குச் செல்லுமுன் மீண்டும் கைகளைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும். பெற்ற தாயே ஆயினும், கைகழுவிய பின்னரே தன் மகவைத் தொடலாம்.

கேட்பதற்கு இவை மிக எளிய செயல்களே. இவற்றைச் செய்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பெரும்புலமையும் வேண்டுவதில்லை. எனினும், இவற்றுள் முதலாவதாகிய கைகழுவுதல் என்னும் ஒன்றனை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளுமாறு செய்வதற்கு ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் ஈடாகக் கொடுத்தார். இக்னாஸ் செம்மல்வைஸ் என்பது அவர் பெயர். அயல்நாட்டுப் பெயரேயாயினும், தமிழ்ச் செவிக்கு அது ‘செம்மல்’ என்றே தொடங்குகிறது. அப்பெயர் அவருக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை அவர்தம் வரலாறு காட்டும்.

பிறப்பும் கல்வியும்

ஐரோப்பாக் கண்டத்தில் அங்கேரி என்பது ஒரு நாடு. அந்நாட்டில் டான்யூப் ஆற்றின் ஒரு கரையில் பூடாவும், எதிர்க்கரையில் பெஸ்ட்டும் இரு நகரங்களாக விளங்கின. பின்னர் 1873ஆம் ஆண்டில் அவை ஒன்றாக இணைக்கப்பெற்றுப் புடாபெஸ்ட் ஆயின. அவற்றுள் பூடா நகரில் 1818ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள் செம்மல்வைஸ் பிறந்தார். தந்தையார் மளிகை வணிகர். பல மக்களைப் பெற்ற அக்குடும்பத்தில் உழைப்பிற்குக் குறைவில்லை.

மகனை வழக்கறிஞர் ஆக்க வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். அதன்படி அவர் 1837ஆம் ஆண்டில் வியன்னா நகருக்குச் சென்று சட்டக் கல்வியில் சேர்ந்தார். ஆனால், அடுத்த ஆண்டே அவர் உள்ளம் மருத்துவத்தின்பால் சென்றது. சட்ட நூல்களை விடுத்து மருத்துவ நூல்களைக் கையில் எடுத்தார்; 1844ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னையில் மகப்பேற்றுக்கெனத் தனி மருத்துவமனை தொடங்கப்பெற்றதும் அதே 1844ஆம் ஆண்டில்தான். அதுவே பின்னர் எழும்பூரில் பெயர்பெற்ற மருத்துவமனையாக வளர்ந்தது. ஈன்ற தாயையும் பிறந்த மகவையும் காக்கும் கடமை உலகெங்கும் மருத்துவமனைகளுக்கு வந்துசேர்ந்த காலம் அது.

அருகருகே இரு விடுதிகள்

வியன்னாவில் இருந்த பொது மருத்துவமனை அக்காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த மருத்துவமனைகளுள் ஒன்று. அதன் மகப்பேற்றுப் பகுதி இரு விடுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதல் விடுதியில் மருத்துவ மாணாக்கர் பயின்றனர். இரண்டாம் விடுதியில் மருத்துவச்சியர் பயின்றனர். நோயாளிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் என்னும் முறையில் இவ்விரு விடுதிகளும் சேர்த்துக்கொண்டன. 1846ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செம்மல்வைஸ் முதல் விடுதியின் துணை மருத்துவராக அமர்ந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி அவர் நெஞ்சைப் பிளந்தது. நலமாகக் குழந்தை பெற்ற தாய்மார் மறுநாளோ அதற்கடுத்த நாளோ கடுங்காய்ச்சல் கொள்வர், வயிறு வீங்கும், அறிவு மயங்கும், சில நாட்களில் உயிர் பிரியும். இதற்குப் பேறுகாலக் காய்ச்சல் என்று பெயர். தாயோடு சேயும் அந்நோயாலேயே இறப்பதுண்டு.

இக்கொடுமை இரு விடுதிகளிலும் ஒரே அளவில் இருந்ததா? இல்லை. அதுவே பெரும்புதிராக இருந்தது. 1846ஆம் ஆண்டில் முதல் விடுதியில் நிகழ்ந்த மகப்பேறுகள் 4,010. இறந்த தாய்மார் 459 பேர். இரண்டாம் விடுதியில் நிகழ்ந்த மகப்பேறுகள் 3,754. இறந்தவர் 105 பேர். அஃதாவது, மருத்துவம் கற்றவர் கைப்பட்ட இடத்தில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் மாண்டனர். மருத்துவச்சியர் கைப்பட்ட இடத்தில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவாகவே மாண்டனர். இச்செய்தியை ஊரார் அறிந்திருந்தனர். முதல் விடுதி முறைநாளில் வந்துவிட்ட ஏழைப் பெண்கள், தம்மை இரண்டாம் விடுதிக்கு அனுப்புமாறு கண்ணீர் சொரிந்து மன்றாடினர். விடுதிக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவரும் உளர். வியப்பு யாதெனின், தெருவில் பெற்ற அப்பெண்களை இக்காய்ச்சல் அரிதாகவே பற்றியது!

விடை தேடிய உள்ளம்

அக்கால மருத்துவர் இதற்குப் பல காரணங்கள் கூறினர். வானிலும் மண்ணிலும் உண்டாகும் தீய காற்றே காரணம் என்றனர் சிலர். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து நிற்கும் இரு விடுதிகளில் ஒன்றில் மட்டும் தீய காற்று வீசுமோ என்று செம்மல்வைஸ் ஐயுற்றார். கூட்ட நெருக்கமே காரணம் என்றனர் வேறு சிலர். அஞ்சி ஓடிவந்த பெண்களால் இரண்டாம் விடுதியே மிகுதியும் நெருக்கமாக இருந்தது. ஆகவே, அதுவும் காரணமாகாது.

இறக்கும் தறுவாயில் உள்ளவர்க்கு வழிபாடு செய்யப் பாதிரியார் மணியொலியுடன் முதல் விடுதியின் ஊடே செல்வது வழக்கம். அவ்வொலி கேட்ட அச்சமே நோயாக மாறுகிறதோ என எண்ணி, மணியின்றி வேறு வழியே செல்லுமாறு அவரை வேண்டினார். மாறுதல் இல்லை. பிள்ளைப் பேற்றின்போது பெண்கள் படுக்கும் நிலை இரு விடுதிகளிலும் வேறாக இருந்தது. அதனையும் மாற்றிப் பார்த்தார். அப்போதும் மாறுதல் இல்லை. ஒவ்வொன்றாகக் காரணங்கள் உதிர்ந்தன. சாவு மட்டும் குறையவில்லை.

நண்பர் தந்த விளக்கம்

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் செம்மல்வைஸ் வெனிஸ் நகருக்குச் சிறிது ஓய்வு நாடிச் சென்று மீண்டார். மீண்டவரைத் துயரச் செய்தி ஒன்று எதிர்கொண்டது. அவர்தம் அன்பிற்குரிய நண்பரும் மருத்துவப் பேராசிரியருமாகிய கொலெச்சுக்கா என்பவர் இறந்துவிட்டார். பிணம் ஒன்றை அறுத்துச் சோதித்தபோது மாணாக்கர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. அச்சிறு காயமே அவர் உயிரைக் குடித்தது.

நண்பரின் உடலைச் சோதித்து எழுதிய குறிப்பைச் செம்மல்வைஸ் படித்தார். படிக்கப் படிக்க அவர் உள்ளம் நடுங்கிற்று. பேறுகாலக் காய்ச்சலால் மாண்ட தாய்மாரின் உடலிலும், அவர்தம் குழந்தைகளின் உடலிலும் காணப்பட்ட அதே சீழும் வீக்கமும் நண்பரின் உடலிலும் காணப்பட்டன. நோய் ஒன்றே எனின், காரணமும் ஒன்றே ஆதல் வேண்டும். நண்பருக்கு நஞ்சினைக் கொணர்ந்தது பிணத்தைத் தொட்ட கத்தி. தாய்மாருக்கு அதனைக் கொணர்ந்தது எது?

விடை இருளைக் கிழித்த மின்னல்போல் தோன்றிற்று. முதல் விடுதி மருத்துவரும் மாணாக்கரும் காலையில் பிணங்களை அறுத்துச் சோதித்தனர். அக்கைகளுடனே வந்து தாய்மாரைச் சோதித்தனர். சோப்பிட்டுக் கழுவினும் பிணவாடை அக்கைகளைவிட்டு நீங்குவதில்லை. மருத்துவச்சியரோ பிணத்தைத் தொடுவதில்லை. தெருவில் பெற்ற பெண்களை யாரும் கைவைத்துச் சோதிப்பதும் இல்லை. ஆகவே, சாவினைக் கொணர்ந்தது காற்றுமன்று, அச்சமுமன்று, நோய் தீர்க்க நீட்டிய மருத்துவரின் கையே அது!

நோயை ஆராயும் ஆர்வத்தால் மற்றவரினும் மிகுதியாகப் பிணங்களை அறுத்துச் சோதித்தவர் செம்மல்வைஸ். அங்ஙனமாயின், தாய்மார் பலர் மாண்டதற்குத் தம் கையும் காரணம் அன்றோ? இவ்வெண்ணம் எழுந்தபோது அவர் அதனை மறைக்க முயலவில்லை. பிறர்மேல் பழி சுமத்தவும் இல்லை. தம்மால் மாண்டவர் எத்துணைப் பேர் என்பதைக் கடவுளே அறிவார் எனப் பின்னர்த் தம் நூலிலே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர்தம் வாழ்வில் மிக உயர்ந்த செயல் எதுவெனின், இவ்வொப்புதலே எனலாம்.

சுண்ண நீரின் வெற்றி

1847ஆம் ஆண்டு மே மாத நடுவில் அவர் ஒரு கட்டளை பிறப்பித்தார். தாய்மாரைத் தொட வரும் மருத்துவரும் மாணாக்கரும் குளோரின் கலந்த சுண்ண நீரில் கைகளை நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதே அது. கிணற்று நீரைத் தூய்மை செய்ய இடும் பிளீச்சிங் பவுடர் இவ்வகைச் சுண்ணமேயாகும். பிணவாடையை அது போக்குவதைக் கண்டே அவர் அதனைத் தேர்ந்தெடுத்தார். கட்டளையை எவரும் மீறாதபடி கண்காணித்தார். கைத்தோல் எரிகிறது என்று மாணாக்கர் முணுமுணுத்தனர், அவர் இணங்கவில்லை.

பயன் உடனே விளைந்தது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெண்மர் மாண்ட அதே விடுதியில், ஜூனில் நூற்றுக்கு இருவரளவே மாண்டனர். ஜூலையில் அவ்வெண் மேலும் குறைந்தது. அடுத்த ஆண்டாகிய 1848இல் நிகழ்ந்த 3,556 மகப்பேறுகளில் இறந்தவர் 45 பேர் மட்டுமே. அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் முதல் விடுதியில் இந்நோய்க்கு ஒரு தாயும் பலியாகவில்லை.

இடையே நிகழ்ந்த ஒரு துயரம் அவருக்கு மற்றொரு பாடம் கற்பித்தது. 1847ஆம் ஆண்டு அக்டோபரில், புற்றுநோய்ப் புண்ணிலிருந்து சீழ் வடியும் பெண் ஒருத்தி விடுதியின் முதற் கட்டிலில் கிடத்தப்பட்டாள். மருத்துவர் உள்ளே நுழையும்போது சுண்ண நீரில் கைகழுவினர். முதற் கட்டிலில் இருந்தவளைச் சோதித்தபின், அடுத்தடுத்த கட்டில்களுக்குச் செல்லும்போது வெறும் சோப்பினால் மட்டுமே கழுவினர். அவளோடு ஒரே வேளையில் பிள்ளை பெற்ற பன்னிருவரில் பதினொருவர் மாண்டனர். பிணத்திலிருந்து மட்டுமன்று, உயிருள்ள நோயாளியின் புண்ணிலிருந்தும் நஞ்சு கைவழியே பரவும் என்று செம்மல்வைஸ் தெளிந்தார். அன்றுமுதல், ஒரு கட்டிலை விட்டு மற்றொரு கட்டிலுக்குச் செல்லுமுன் சுண்ண நீரிலேயே கைகழுவுக என்று விதித்தார். இன்று குழந்தைக் கூடத்தில் தொட்டிலுக்குத் தொட்டில் கைகளைத் தூய்மை செய்யும் வழக்கத்தின் தொடக்கம் இதுவே.

எதிர்ப்பு

இத்துணைத் தெளிவான உண்மையை உலகம் கைகூப்பி வரவேற்றிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. எப்ரா, ஸ்கோடா, ரோகித்தான்ஸ்கி ஆகிய பேரறிஞர் மூவர் அவருக்குத் துணை நின்றனர். ஆனால், விடுதித் தலைவராகிய கிளைன் என்பவர் அவர் கொள்கையை ஏற்கவில்லை. மருத்துவர் பலரும் ஏற்கவில்லை. உயிர் காக்கும் தம் கையே உயிர் வாங்கியது என்று ஒப்புவது அவர்கள் பெருமைக்கு இழுக்காகத் தோன்றிற்று. மேலும், அக்காலத்தில் கிருமிகளின் இயல்பு விளக்கப்படவில்லை. அழுகிய உடற்பொருளின் நுண்துகளே நோயைத் தருகிறது என்றுதான் செம்மல்வைஸும் எண்ணினார். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பற்றிய அவர் சொல்லைக் கேட்டோர் நகைத்தனர்.

செம்மல்வைஸிடமும் ஒரு குறை இருந்தது. தாம் கண்டதை உடனே நூலாக எழுதி வெளியிட அவர் முன்வரவில்லை. கணக்கேடுகள் தாமே பேசும் என்று நம்பினார். அவர் சார்பில் எப்ராவே முதலில் கட்டுரை எழுதினார். செம்மல்வைஸ் மருத்துவக் கழகத்தின் முன் சொற்பொழிவாற்றியது 1850இல்தான். அவர்தம் பெருநூல் வெளிவந்ததோ 1861இல். இடையே கழிந்த ஆண்டுகளில் அவர் கொள்கையைத் திரித்துக் கூறியவர் பலர். நல்லதைக் கண்டறிவது ஒரு கடமை. அதனைப் பிறர் உணருமாறு எடுத்துரைப்பது மற்றொரு கடமை அன்றோ?

பதவிக் காலம் முடிந்ததும் 1849இல் அவர் விடுதியினின்று விலக்கப்பட்டார். மறு ஆண்டு ஆசிரியப் பணி ஒன்று கிடைத்தது. ஆயினும், உடலைக் கொண்டன்றிப் பொம்மையைக் கொண்டே கற்பிக்கலாம் என்னும் கட்டுப்பாடு அதற்கு இருந்தது. மனம் நொந்த அவர், நண்பரிடமும் விடைபெறாமல் வியன்னாவை விட்டுத் தாயகம் திரும்பினார்.

தாயகத்தில்

பெஸ்ட் நகரில் இருந்த புனித ரோக்கு மருத்துவமனையில் 1851ஆம் ஆண்டில் மகப்பேற்றுப் பகுதியின் தலைவராக அவர் பொறுப்பேற்றார். அங்கும் பேறுகாலக் காய்ச்சல் தலைவிரித்தாடியது; அங்கும் கைகழுவும் முறையாலேயே அதனை அடக்கினார். சுமார் ஆறு ஆண்டுகளில் நிகழ்ந்த 933 மகப்பேறுகளில் அந்நோயால் இறந்தவர் எண்மர் மட்டுமே. 1855இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கை மட்டுமன்று, அழுக்கடைந்த படுக்கை விரிப்பும் நஞ்சினைச் சுமக்கும் என்று அங்கே உணர்ந்தார். தூய விரிப்புகள் வேண்டுமென்று அதிகாரிகளோடு ஓயாது போராடினார். 1857இல் மணம் புரிந்து மக்களையும் பெற்றார்.

ஆயினும், அயல்நாடுகளில் தாய்மார் வீணே மாண்டுகொண்டிருக்கும் செய்தி அவரை அமைதியாக இருக்க விடவில்லை. தம் நூலைப் பலர் புறக்கணித்ததைக் கண்டு சினம் மூண்டது. மறுத்துரைத்த பேராசிரியர்களுக்குக் கடுஞ்சொற்களால் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அவர்களைக் கொலைஞர் என்றே இடித்துரைத்தார். அக்கடிதங்கள் பகைவரைப் பெருக்கினவேயன்றிப் பயன் விளைக்கவில்லை. கவலையாலும் நோயாலும் அவர் மனநிலை தளர்ந்தது. 1865ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் அவரை வியன்னாவிலுள்ள மனநோய் விடுதி ஒன்றில் சேர்த்தனர். அங்கிருந்து வெளியேற முயன்றபோது காவலர் அவரைக் கடுமையாகத் தாக்கினர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். உடலில் உண்டான புண்ணில் நஞ்சேறி, ஆகஸ்டுத் திங்கள் 13ஆம் நாள் தமது 47ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். எந்த நஞ்சினை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினாரோ, அதே நஞ்சு அவர் இரத்தத்தில் கலந்து அவரைக் கொன்றது!

வாய்மையின் வெற்றி

அவர் இறப்பதற்கு முந்திய நாள், 1865 ஆகஸ்டு 12இல், கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்னும் மருத்துவர் வண்டிச் சக்கரத்தில் கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணில் கார்பாலிக் அமிலம் இட்டுக் கட்டினார். புண் சீழ்க்கொள்ளாமல் ஆறியது. செம்மல்வைஸின் விளக்கு அணையும் வேளையில் மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டதுபோல் அஃது அமைந்தது. 1879ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர், பேறுகாலக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி சங்கிலிபோல் கோத்திருக்கும் வடிவத்தை அறிஞர் அவையில் வரைந்து காட்டினார். கண்ணுக்குப் புலப்படாதது என்று நகைத்தவர் வாயடைத்தனர். புறக்கணிக்கப்பட்ட அவர் நூல் போற்றப்பட்டது. அவர் பிறந்த இல்லம் மருத்துவ வரலாற்றுக் காட்சிச்சாலை ஆயிற்று. 1969ஆம் ஆண்டுமுதல் புடாபெஸ்ட் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆயினும், அவருக்கு அமைந்த மிகச் சிறந்த நினைவுச்சின்னம் கல்லாலும் சுண்ணத்தாலும் ஆனதன்று. நள்ளிரவில் தாம்பரத்தில் ஒரு குழந்தைக் கூடம். வெளியே கடைசி மின்தொடர்வண்டியும் சென்று ஓய்ந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் காலினையுடைய குழந்தை ஒன்றுக்கு மருந்து செலுத்த வேண்டிய நேரம். செவிலி சோர்ந்திருக்கிறாள், பார்ப்பார் எவரும் இல்லை. எனினும், அவள் குழாயை நோக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு முதலில் அதனைத் தூய்மை செய்கிறாள். அவள் செம்மல்வைஸின் பெயரைக் கேள்வியுற்றிருக்கலாம், கேள்வியுறாமலும் இருக்கலாம். தன் கையிலும் பிழை இருக்கக்கூடும் என்று ஒப்பும் பணிவு அச்செயலில் இருக்கிறது. அப்பணிவையே செம்மல்வைஸ் உலகிற்குக் கற்பித்தார்.

பிறர் பிழையைக் காண்பது எளிது. தம் பிழையைத் தாமே கண்டு, அதனை மறையாது ஒப்பி, உடனே திருத்திக்கொள்வது அரிது. அவ்வரிய செயலைச் செய்தமையால் செம்மல்வைஸ் எண்ணற்ற தாயரையும் சேயரையும் காத்த செம்மல் ஆயினார்.